மிளகுக்கு வீடு பார்த்துக் கொடுத்த காப்பகம்

கைவிடப்பட்ட நாய்க்கு நல்ல வீடு பார்த்துக் கொடுக்க யாரிடம் போவது என்று என் தையல் கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். நான் ஒரே இடத்தைத்தான் சொல்கிறேன். சென்னையை ஒட்டிய கேளம்பாக்கம் பக்கம் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நடத்தும் சிறிய காப்பகம். எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். பெண் கொடுக்கும் வீட்டை விசாரிப்பதுபோல, நாய் போகப்போகும் வீட்டை அக்குவேறு ஆணிவேறாக விசாரிக்கிறார். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொல்லிவிடுகிறார். அந்த "இல்லை"க்காகத்தான் இந்த இடத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

காப்பகத்தின் பெயரையும் தெருவையும் எழுத வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். முகவரி தெரிந்துவிட்டால் விடிகாலையில் கேட்டுக்கு வெளியே அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படி வந்த குட்டிகளோடு ஒருமுறை பார்வோ வைரஸும் உள்ளே வந்து, தடுப்பூசி முடியாத மற்ற குட்டிகளையும் கொண்டுபோயிருக்கிறது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலுக்கெல்லாம் அடங்காது, பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும். மடிப்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டால் பலருக்கு அவரைத் தெரியும். உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் அப்படித்தான் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

நான் அங்கே கொண்டுபோனது மிளகை. நாட்டு நாய், கறுப்பு, பெட்டை. பல்லைப் பார்த்துவிட்டு மூன்று, நான்கு வயசு இருக்கும் என்றார் எங்கள் மருத்துவர். எங்கள் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள் கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இவளை மட்டும் சங்கிலியோடு விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் குடியிருந்த காலத்திலும் அவளை அவிழ்த்துவிட்டுத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. படுக்கலாம், எழுந்திருக்கலாம், திரும்பலாம், அதற்கு மேல் சங்கிலி எட்டாது. குட்டியாக இருந்தபோது கட்டிய நைலான் பட்டையை வளர்ந்த பிறகும் மாற்றவில்லை. கழுத்து பெருத்தது, பட்டை பெருக்கவில்லை, தோலுக்குள்ளேயே போய்விட்டது. மேலே முடி மூடியிருந்ததால் பக்கத்தில் போகும்வரை தெரியாது, நாற்றம்தான் முதலில் தெரியும். மருத்துவர் மயக்க ஊசி போட்டு, கத்தரியின் மழுங்கிய முனையை உள்ளே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். பட்டையின் பக்கிள் மட்டும் தனியாகச் சதையில் பதிந்திருந்தது. அதைக் கடைசியாக, உப்புநீர் விட்டு ஊறவைத்து எடுத்தார். கழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு முடி முளைக்காத வளையம் இன்றும் அவளுக்கு இருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே போட்டிருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றம். நாய் என்று பெயர் சொல்லியே அதில் ஒரு உட்பிரிவு உண்டு. பசி, தாகத்தில் தவிக்கும்படி கைவிட்டுப் போவதும் குற்றம்தான். மிளகுக்கு இந்த மூன்றும் நடந்திருக்கின்றன. ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். அந்தக் காலத்துத் தொகை. என் கடையில் ஒரு பிளவுஸுக்கு ஹூக் வைத்துக் கொடுப்பதற்கே அதை விட அதிகம் ஆகும். எனக்கு இதில் ஆத்திரம் அடங்கவே இல்லை. வீட்டு உரிமையாளர் "என் நாய் இல்லைம்மா, வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார். சரி என்று எடுத்து வந்துவிட்டேன்.

கழுத்துப் புண்ணை விட ரத்தம்தான் பெரிய கவலையாக இருந்தது. காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி மொய்த்துக் கிடந்தது. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா என்கிற கிருமி ரத்தத்தில் பிளேட்லெட்டை இறக்கிவிடும். 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது அவளுக்கு அதில் கால்வாசிகூட இல்லை. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். நாலு நாளில் தெம்பு வந்து வாலை ஆட்டத் தொடங்கும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும் என்பதால் முதலில் சோறு, அப்புறம் மாத்திரை. பட்டினி கிடந்த நாய்க்குப் பாவம் பார்த்து ஒரே வேளையில் வயிறு முட்டப் போடக் கூடாது என்பதும் அப்போது தெரிந்துகொண்டது. கையளவு கையளவாக, நாளைக்கு ஐந்தாறு வேளை. குழைய வடித்த சோறு, கோழி வேகவைத்த தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது.

உடம்பு தேறியதும் வீடு தேட ஆரம்பித்தேன். என் வீடு இரண்டாவது மாடியில் ஒரே அறை, வயசான மாமியாருக்கு ஆஸ்துமா. கடையின் பின்பக்கம் மிளகுக்குப் படுக்க இடம் உண்டு, ஆனால் இரவில் தனியாக இருந்தாள். ஏற்கெனவே தனியாகக் கிடந்து வந்த ஜீவன் அது. கேட்டவர்கள் எல்லோரும் கேட்டது குட்டி, ஆண், வெள்ளை அல்லது பழுப்பு. லேப்ரடார் இருக்கிறதா என்று கேட்டவர்கள் அதிகம். கறுப்பு வீட்டுக்கு ஆகாது என்றார்கள், பெட்டை என்றால் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்றார்கள், வளர்ந்த நாய் பழகாது என்றார்கள். மூன்றும் பொய். அவற்றைச் சொன்னவர்களிடம் வாதாடி எனக்குத் தொண்டைதான் வறண்டது. மருத்துவர்தான் டீச்சர் எண்ணைக் கொடுத்தார்.

இந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்று முதலிலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது. நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடம் இல்லை அது. வீடு கிடைக்கும்வரை நாய் பெரும்பாலும் உங்களிடம்தான் இருக்கும். "என்கிட்ட முப்பதுக்கு மேல சேர்ந்துட்டா ஒண்ணையும் சரியாப் பார்க்க முடியாதும்மா" என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டார். கருத்தடை அறுவை முடிந்து தையல் ஆறும்வரை மட்டும் அங்கே வைத்துக்கொள்வார். விளம்பரம் எழுதுவது, படம் எடுப்பது, கேட்டு வருகிறவர்களிடம் பேசுவது, வீட்டைப் போய்ப் பார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது, அதன் பிறகும் விசாரித்துக்கொண்டே இருப்பது, இதெல்லாம் அவர் பொறுப்பு. 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கி, இப்போது கிண்டியில் இருக்கும் ப்ளூ கிராஸ் விலங்குக் காப்பகம் பற்றிக் கேட்டதற்கு, "அங்க இடம் அடிபட்டதுக்கும் புழு வச்சதுக்கும் போகட்டும், இவளுக்கு இனிமே வீடு மட்டும்தானே வேணும்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

காப்பகம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போனவுடன் நான் கவனித்தது வாசனை. முப்பது நாய் இருக்கும் இடத்தில் லேசான பிளீச்சிங் வாடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. தரை சிமெண்ட், தண்ணீர் வடிய ஒரு பக்கமாகச் சரிவு. கூண்டே கிடையாது, கம்பிவலை போட்ட அடைப்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நாய். படுக்கப் பழைய சணல் சாக்கை நாலு மூங்கில் கொம்பில் இழுத்துக் கட்டிய தாழ்வான கட்டில்கள். மழைக்காலத்தில் தரை ஈரம் ஏறாது, உண்ணியும் ஒளிய இடம் குறைவு. சாக்கைத் தைத்திருந்த விதம் சரியில்லை என்று பார்த்து, அடுத்த முறை போகும்போது நான் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். பின்பக்கம் விறகு அடுப்பில் பெரிய அண்டாவில் நொய்யரிசி, கோழிக்கழுத்து, பூசணிக்காய் வெந்துகொண்டிருந்தது. சமைக்கிற அம்மாவுக்கு எந்த நாய் எவ்வளவு சாப்பிடும், எது பக்கத்து நாயின் தட்டைப் பறிக்கும் என்று எல்லாம் மனப்பாடம். புதிதாக வந்த நாய்களுக்குத் தனி அடைப்பு, தனித் தட்டு, அங்கே போகிறவர்களுக்குத் தனிச் செருப்பு. நீங்கள் எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் அந்தத் தனிச் செருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நோய் பரவாமல் பார்த்துக்கொள்கிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

விளம்பரம் எழுதும் முறையில் டீச்சர் மற்றவர்களிடமிருந்து ரொம்பவே வேறுபடுகிறார். கழுத்துப் புண்ணின் படத்தைப் போடவே விடவில்லை. "பாவம் பார்த்து வர்றவங்க பத்து நாள்ல களைச்சிடுவாங்க. இவள்கூட இருக்கப் பிடிச்சு வர்றவங்கதான் வேணும்" என்றார். அதனால் விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான். பெயர் மிளகு, வயசு மூன்று அல்லது நான்கு, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தது. தையல் மிஷின் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவாள். பூனையைத் துரத்துவாள், ஆகவே பூனை உள்ள வீடு வேண்டாம். ஆண்கள் கையில் கம்பு, குடை, துடைப்பம் எதைப் பார்த்தாலும் ஒதுங்கிவிடுவாள். தனி நாயாக இருக்க விரும்புவாள். கறுப்பு நாயைப் படம் எடுப்பதும் ஒரு வேலைதான். அறைக்குள் எடுத்தால் முகம் முழுக்க இருட்டாகி, கண் எங்கே மூக்கு எங்கே என்று தெரியாது. காலை ஏழரை மணி வெயிலில், பச்சை வேலிக்கு முன்னால் உட்காரவைத்து, அவள் கண் உயரத்துக்கு டீச்சர் மண்ணில் படுத்து எடுத்தார். அந்தப் படத்தில்தான் அவள் கண் தேன் நிறம் என்பதே எனக்குத் தெரிந்தது.

கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு படிவம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதம் எழுத்தில் உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், கேட்டுக்குக் கீழே இடைவெளி எவ்வளவு, மாதம் எவ்வளவு செலவு செய்ய முடியும், வீட்டில் யாருக்காவது நாய் பிடிக்காதா. இவை எல்லாமே தேவையான கேள்விகள்தான். ஆனால் டீச்சர் பேனாவை வைத்துவிட்டு வாயால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதுக்கு முன்னாடி வளர்த்த நாய் என்ன ஆச்சு?" அதைக் கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருப்பார். "ஓடிப்போச்சு", "ஊர்ல யாருக்கோ கொடுத்துட்டோம்", "வீடு மாறினோம், அங்கேயே இருந்துடுச்சு" என்று பதில்கள் வரும்போது பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். கடைசி பதிலைச் சொன்ன மனிதரை எனக்கு முன்பின் தெரியாது. ஆனால் மாடிப்படியும் சங்கிலியும்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அவருக்கு நாய் கிடைக்கவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு நாய் தர மாட்டார் என்று நினைக்க வேண்டாம், தருகிறார். சங்கம் ஆட்சேபிக்கிறது என்று தயங்குகிறவர்களுக்கு, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நகலையே கையில் கொடுத்து அனுப்புகிறார். குடியிருப்புச் சங்கம் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் செல்லப் பிராணியைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். நாய் குரைத்து மற்றவர்களுக்குத் தொந்தரவு ஆகாமலும், அசிங்கம் செய்தால் சுத்தம் செய்தும் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் கடமை என்பதையும் சேர்த்தே சொல்லுவார்.

மிளகைக் கேட்டு வந்தவர்களில் ஒருவருக்குத் திருப்போரூர் பக்கம் வாங்கிப் போட்ட மனை. சுற்றுச்சுவர் கட்டியாகிவிட்டது, காவலுக்கு நாய் வேண்டும், காலையும் மாலையும் ஆள் வந்து சோறு வைப்பான் என்றார். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "காவலுக்குன்னா சம்பளம் கொடுத்து வாட்ச்மேன் வையுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பையன் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கேட்டவர்களும் வந்தார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு மிளகை ரொம்பப் பிடித்துவிட்டது, அவளும் அவன் கையை நக்கினாள். ஆனால் நாலு பேர் சேர்ந்து எடுத்த அறை, அடுத்த வருஷம் பெங்களூருவா சென்னையா என்று அவனுக்கே தெரியாது. அவனுக்கு இல்லை என்று சொன்னபோது எனக்கே மனசு கேட்கவில்லை. டீச்சர் அவனை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நாய்களை நடத்திக்கொண்டு போகச் சொன்னார். இப்போதும் வருகிறான்.

கடைசியில் வந்தவர்கள் கொளத்தூரிலிருந்து ஒரு தம்பதி. அவர் ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்வீடு சொந்தம், மேல்வீட்டில் குடித்தனம், பிள்ளைகள் வெளியூரில். பழைய நாய் பதினாலு வயசில் சிறுநீரகம் பழுதாகி இறந்தது. அதற்குக் கொடுத்த மருந்துச் சீட்டுகளையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் அந்த அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். டீச்சர் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, பையை எடுத்து மடியில் வைத்தார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைச் சீட்டுகள் மட்டும் ஒரு கட்டு இருந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகத் தேதி பார்த்துப் படித்தார்.

பிறகு எல்லோரையும் மரத்தடியில் தரையில் உட்காரச் சொன்னார். நாயைக் கூப்பிடக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது, உங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருங்கள் என்றார். அந்த அய்யாவிடம் கைத்தடி இருந்தது. அதைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். அவரும் முகம் சுளிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து உட்கார்ந்தார். மிளகு எனக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அரை மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. அந்த அம்மா கொளத்தூரில் மழைத்தண்ணீர் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டே புடவை முந்தானையில் முடிந்திருந்த வேகவைத்த ஈரல் துண்டை அவிழ்த்து, பார்க்காமலேயே தன் முழங்காலுக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்தார். இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மிளகு வயிற்றைத் தரையோடு ஒட்டி நகர்ந்து போய்த் தள்ளி இருந்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது அப்படியே கிடந்தது. "இன்னிக்கு இது போதும்" என்று டீச்சர் எழுந்துவிட்டார். அவ்வளவு தூரம் வந்தவர்களை அன்றைக்கு வெறும் கையோடு அனுப்பினார். அடுத்த வாரமும் வந்தார்கள். அன்றைக்கு மிளகு இரண்டு துண்டையும் தின்றாள், அந்த அம்மாவின் காலடிச் செருப்பை மோந்து பார்த்தாள், அதன்மேலேயே முகத்தை வைத்துப் படுத்துவிட்டாள். அந்த அய்யா பக்கம் போகவில்லை. அதற்கு அவர், "மெதுவா வரட்டும், நான் வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்றார். டீச்சர் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டார்.

வீடு பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். சுற்றிக் காட்டியதைப் பார்த்துவிட்டு வரும் சம்பிரதாயம் இல்லை அது. கேட்டைத் திறந்து மூடி, தாழ்ப்பாள் தானாக விழுகிறதா என்று பார்த்தார். கேட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியில் தன் கையை விட்டுப் பார்த்து, ஒரு தகடு அடிக்கச் சொன்னார். எலி மருந்து வைக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டு, உண்டு என்றதும் அதை அன்றைக்கே எடுத்துப் போடச் சொன்னார். மேல்வீட்டுக் குடித்தனக்காரரைக் கூப்பிட்டு, குழந்தைகள் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஓடுவார்களா என்று விசாரித்தார். நாய் எங்கே தூங்கும் என்று கேட்டார். வராண்டாவில் என்று அய்யாவும், எங்கள் அறையில் என்று அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். முதல் சில வாரம் அறையிலேயே இருக்கட்டும் என்று டீச்சர் முடிவு செய்தார்.

ஒப்பந்தம் பத்திரத்தில். அதில் எனக்குப் பிடித்தது, எந்தக் காரணத்தாலும் வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் டீச்சரிடமே திருப்பித் தர வேண்டும், பத்து வருஷம் கழித்து என்றாலும் சரி என்ற வரி. அவர் காலத்துக்குப் பிறகு யாரிடம் கொடுப்பது என்பதற்கும் ஒரு பெயர் எழுதியிருக்கிறார். மாநகராட்சி உரிமம் எடுப்பதும் அவர்கள் பொறுப்பு. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, படம் எல்லாம் வைத்து ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். மைக்ரோசிப்பும் இப்போது சேர்ந்துவிட்டது. அரிசி அளவு சிப் ஒன்றைத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். அதைப் படித்தால் நாய் யாருடையது என்று தெரிந்துவிடும். நாயைப் பாதியில் விட்டுப் போகிறவர்களைக் கண்டுபிடிக்க இதுவாவது உதவட்டும்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்பதையும் எழுதிக் கொடுத்தே அனுப்புகிறார். முதல் மூன்று நாள் சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் கிடக்கும்; மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும்; மூன்று மாசத்தில்தான் அதன் உண்மையான குணம் தெரியும். இது கணக்குப் போட்டு நடப்பதில்லை, தோராயம்தான், ஆனால் தெரிந்திருந்தால் ஐந்தாவது நாளிலேயே "இது சரிப்படாது" என்று திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். குளிப்பாட்ட அவசரப்படாதீர்கள், உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், வெளியே போகும்போது கழுத்துப் பட்டையும் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் இரண்டும் போட்டு இரண்டு கயிறாகப் பிடியுங்கள் என்றும் அதில் உண்டு. பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் ஒன்றிலிருந்து நழுவிவிடும். மிளகுக்குக் கழுத்தில் எதுவுமே படக் கூடாது என்பதால், இரண்டு ஹார்னஸாக நானே பருத்தித் துணி உள்வைத்துத் தைத்துக் கொடுத்தேன். டீச்சர் முதல் வாரம் தினமும், அப்புறம் வாரம் ஒரு முறை அவர்களிடம் போனில் பேசினார். கைத்தடியை அந்த அய்யா தரையில் கிடத்தி, அதன் மேல் சோற்றுருண்டை வைத்துப் பழக்கியிருக்கிறார். இப்போது அவர் தடியை எடுத்தாலே வெளியே போகப் போகிறோம் என்று மிளகு கேட்டுக்கு ஓடுகிறாளாம்.

குறைகள் இருக்கின்றன. பகலில் டீச்சர் போனை எடுக்கவே மாட்டார். வாட்ஸ்அப்பில் எழுதிவைத்தால் இரவு பத்துக்கு மேல் பதில் வரும். எனக்கு முதல் பதில் வந்தபோது வேறு வழியில்லை என்றே முடிவுக்கு வந்திருந்தேன். மண் ரோடு ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர், ஆட்டோக்காரர்கள் வர மாட்டார்கள். பேச்சு கறார், கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். நல்ல எண்ணத்தோடு வந்த சிலர் அந்தக் கேள்விகளைக் கேட்டு மனம் நொந்து போயிருக்கிறார்கள், அவர்களில் சிலருக்காவது நாய் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். நன்கொடைக்குக் கையால் எழுதிய ரசீதுதான், வரிவிலக்குச் சான்றெல்லாம் கிடையாது. எல்லாவற்றையும் விட, நேரம் ஆகும். மிளகுக்கு வீடு கிடைக்க மாசக்கணக்கில் ஆனது. அதுவரை கடையின் பின்பக்கத்தைக் கழுவி, உண்ணி பார்த்து, காலை மாலை நடத்திக்கொண்டு போனது முழுக்க நான்தான். அதற்கு முடியாதவர்களுக்கு இந்த இடம் உதவாது.

அதே சமயம், வேகமாக முடித்துக் கொடுக்கிறோம் என்கிற இடத்தையும் நான் பார்த்தேன். நாய்கள் தத்து கொடுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் மிளகின் படத்தைப் பார்த்த ஒருவர் அன்று மாலையே எடுத்துக்கொள்ளத் தயார், வண்டி வாடகை மட்டும் முன்பணமாக அனுப்புங்கள் என்றார். எங்கே கொண்டுபோகிறீர்கள், வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டதும் என் எண்ணையே முடக்கிவிட்டார்.

பண விஷயத்தில் டீச்சர் தெளிவு. தத்து எடுப்பவரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. கருத்தடை, தடுப்பூசிச் செலவை நாயைக் கொண்டுவந்தவர் ஏற்க வேண்டும். முடியாதவர்களுக்குப் பாதியை அவர் போடுகிறார். எங்கே எவ்வளவு என்று பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். பெட்டைக்குக் கருத்தடையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார் என்றால், குட்டிகள் பெருகாமல் இருக்க மட்டும் இல்லை. வயசான பெட்டை நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும், அதையும் இது தடுத்துவிடும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு மட்டும் மறுபடி ரத்தம் பார்த்து, பிளேட்லெட் ஏறிய பிறகே கத்தி வைக்க விடுவார்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து பட்டாசுச் சத்தம் ஓயும்வரை அவர் எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்ப மாட்டார். பழகாத வீட்டில் வெடிச்சத்தம் கேட்டால் சுவரேறிக் குதித்து ஓடிவிடும், திரும்பி வர வழியும் தெரியாது. ஆகவே வீடு தேட வேண்டிய நாய் உங்களிடம் இருந்தால் ஆடி, ஆவணியிலேயே பேசிவிடுங்கள். தடுப்பூசிச் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் போட்டுக்கொண்டு போங்கள். பிஸ்கட் பாக்கெட் வேண்டாம், அவர் வாங்க மாட்டார். பழைய பருத்திப் புடவை, வேட்டி, சணல் சாக்கு, நொய்யரிசி இவற்றில் எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்வார். சாக்கு கிழிந்திருந்தால் மடிப்பாக்கத்தில் என் கடையில் கொடுத்துவிடுங்கள், தைத்து அனுப்புகிறேன்.